அகத்தித் தீவில் ஆமை பார்க்கும் ஸ்நார்க்கலிங்: கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒரு மதிப்புரை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: போகலாம், கொடுக்கும் காசுக்குத் தகும். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்ற தைரியத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடி மாட்டி, வாயில் வைத்த குழாயால் மூச்சுவிட்டபடி குப்புற மிதப்பதுதான் ஸ்நார்க்கலிங்; இதில் நீச்சலுக்கு வேலை கம்மி. வேலையெல்லாம் மூச்சுக்கும் முகமூடிக்கும்தான். அறுபதடி மொட்டைக்கிணற்றில் மேட்டிலிருந்து குதிக்கிற ஆள், இடுப்பளவு கடல் தண்ணீரில் குழாயைக் கடித்துக்கொண்டு திணறுவது அங்கே சகஜம். ஒகேனக்கல் பரிசலில் ஏறினால் நம்மைப் பரிசல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். இங்கே வழிகாட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூச்சை நாம்தான் விட்டாக வேண்டும்.

லட்சத்தீவில் அகத்தியின் மேற்குப் பக்கம், பவளப்பார் அலையைத் தடுத்து நிறுத்தும் லகூனில், அதாவது பாருக்கும் தீவுக்கும் நடுவே உள்ள ஆழம் குறைந்த கடலில், இது நடக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆழம் ஓர் ஆள், ஒன்றரை ஆள்தான். நீர்மட்டத்தில் குப்புற மிதந்துகொண்டு, கீழே கடற்புல் மேயும் ஆமைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சமாச்சாரம். கருவி மாட்டிப் பழகக் கால் மணி, படகில் போகவர அரை மணிக்குள், தண்ணீருக்குள் 35, 40 நிமிடம். விளம்பரத்தில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் ஏறக்குறைய இவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம். பழக்கமில்லாதவருக்கு அதற்குமேல் தாடை வலிக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் அசையாமல் மிதக்கும் உடம்பு மெல்லக் குளிர்ந்துவிடும்.

நம் தமிழ்நாட்டுக் கடலிலேயே பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை முட்டையிட வருவது பங்குனி ஆமை. அதை இரவில் மணலில் பார்க்கலாம். சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று கரையோரம் நடந்து முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது, அவர்களோடு பொதுமக்களும் நடக்கலாம். அந்தக் கரையின் கலங்கல் தண்ணீரில் முகமூடி போட்டுக் குதித்தால் தன் கையே தனக்குத் தெரியாது. இலங்கையின் ஹிக்கடுவையில் கடற்பாசியைக் காட்டிக் கரைக்கே ஆமையை வரவழைக்கிறார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் கைத்தீனிக்குப் பழகிய ஆமை மனிதனையும் படகையும் கண்டு ஒதுங்காது. மேயும் ஆமையை அதன் போக்கில் பார்க்க வேண்டுமானால் லகூன்தான் சரி.

அங்கே பார்ப்பது பெரும்பாலும் பேராமை, அதாவது பச்சை ஆமை. வளர்ந்தது ஓடு மட்டும் சுமார் ஒரு மீட்டர் நீளம், எடை நூறு கிலோவைத் தாண்டும். குட்டிப் பருவத்தில் சிறு உயிரிகளையும் தின்னும். வளர்ந்தபின் புல்லும் பாசியும்தான் முக்கிய உணவு. சில சமயம் பவளத்தின் ஓரத்தில் அழுங்காமையும் கண்ணில் படும். வேறுபாடு கண்டுபிடிக்க முகத்தைப் பாருங்கள்: அழுங்காமைக்குக் கிளி மூக்குபோல் கூரான அலகு, இரண்டு கண்களுக்கு நடுவே நெற்றியில் இரண்டு ஜோடிச் செதில், பேராமைக்கு மழுங்கிய முகம், ஒரே ஜோடிச் செதில். அழுங்காமையின் ஓட்டுத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். இதைக் கேட்டால் சொல்லத் தெரிந்த வழிகாட்டியாகப் பார்த்துப் போங்கள். "எல்லாம் ஆமைதான் சார்" என்பவரிடம் மற்ற விஷயங்களிலும் கவனம் இருக்காது.

இன்னொரு விஷயம், அகத்தியில் முன்பு ஆமைகள் மிக அதிகமாகக் கூடி, லகூனின் கடற்புல்லைக் கிட்டத்தட்ட மேய்ந்தே தீர்த்தன. புல் போனதால் அங்கே வளரும் மீனும் குறைந்தது என்று மீனவர்களுக்கு ஆமைமேல் கோபமும் உண்டு. புல் குறைந்ததும் ஆமைகள் கட்மத், கவரத்தி என்று பக்கத்துத் தீவுகளின் லகூன்களில் கூடத் தொடங்கின. ஆகவே, போன வருடம் போன நண்பர் பத்துப் பதினைந்து பார்த்தார் என்பது உங்களுக்கும் அத்தனை கிடைக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. "ஆமை தெரியாவிட்டால் பணம் வாபஸ்" என்று சொல்லும் படகைக் கண்டால் நாங்கள் தள்ளி நிற்கச் சொல்வோம். உறுதி கொடுத்தவர் எப்படியாவது காட்டியாக வேண்டும்; அந்த 'எப்படியாவது' பெரும்பாலும் விரட்டுவதில்தான் முடியும்.

போகும் வழி. 2024 மார்ச் 31 அன்று இண்டிகோ பெங்களூரிலிருந்து அகத்திக்கு நேரடி விமானம் தொடங்கியது. உங்கள் தேதிக்கு அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் பெங்களூருக்கு அந்தப்புறம் தேவனஹள்ளியில் இருப்பதால், ஓசூர்க்காரர்கள்கூட நகரத்தைக் கடக்கும் நேரத்தைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கொச்சி வழி என்றால் பெங்களூர்–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூரிலும் தருமபுரியிலும் நின்று போகிறது. விமான நிலையம் நெடும்பாசேரியில் இருப்பதால் எர்ணாகுளம் வரை போகாமல் ஆலுவாவில் இறங்குவது மேல். லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அது கைக்கு வருவதற்குமுன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். அகத்தியில் மதுவிலக்கு. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் வாங்கிப் பைக்குள் செருகிக்கொண்டு போகும் யோசனை வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் லகூன் கலங்கிக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு, மே தொடக்கத்துக்குள் போய்விடுங்கள். நாளிலும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நல்லது: வெயில் ஓரளவு உச்சிக்கு ஏறியிருக்கும், காற்று இன்னும் ஏறியிருக்காது. ஏற்றவற்றத்தைக் கேட்டு நேரம் குறிப்பவர் நல்ல வழிகாட்டி. நீர் ஏறும்போது வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் உள்ளே வரும். வற்றும்போது லகூனின் மணலும் தூசியும் கலந்த தண்ணீர் வெளியே போகும், பார்வைத் தூரம் குறையும், பவளத்தில் முழங்கால் இடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்ற வித்தியாசம் அதிகம், பவளப்பாரின் இடைவெளிகளில் இழுப்பும் அதிகம். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டும் குறையும். நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்று நம் வீடுகளில் ஒதுக்கும் அதே நாள்தான் முதன்முறை தண்ணீரில் இறங்குபவருக்குத் தோதான நாள்.

இனி முகமூடி. முக்கால்வாசிப் பேரின் அனுபவம் கெடுவது இதனால்தான். நாலைந்து அளவுகளை வைத்துக்கொண்டு உங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்களா, கைக்கு வந்ததை நீட்டுகிறார்களா என்பதிலேயே சேவையின் தரம் தெரிந்துவிடும். சோதனை எளிது: வாரைத் தலைக்குப் பின்னால் மாட்டாமல், முகமூடியை மட்டும் முகத்தில் பொருத்தி, மூக்கால் மெல்லக் காற்றை உள்ளிழுத்து, கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால், வாரை எவ்வளவு இறுக்கினாலும் அது உங்களுக்கு ஆகாது. இறுக்கினால் ஓரத்து சிலிக்கான் மடிந்து இன்னும் அதிகமாக ஒழுகும். வார் காதுக்கு மேலே, தலையின் பின்மேட்டில் படிய வேண்டும். கழுத்துப் பக்கம் இறங்கக் கூடாது.

நம் ஆட்களுக்கு ஒழுகுவதன் முதல் காரணம் மீசை. முகமூடியின் கீழ் ஓரம் மேலுதட்டில்தான் உட்காரும். அடர்த்தியான மீசையின் முடி வழியாகத் தண்ணீர் துளித்துளியாக ஏறும். மீசையை எடுக்கச் சொல்லவில்லை. மூக்குக்குக் கீழே ஒரு விரல்கடை அகலத்துக்கு மட்டும் மழித்தால் போதும், அல்லது அந்த இடத்தில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிக்கொள்ளலாம். பழைய ரப்பர் முகமூடியானால் வாசலின் வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். பெண்களுக்கு ஸ்டிக்கர் பொட்டும் நெற்றியில் விழும் முடிக்கற்றையும் இதே வேலையைச் செய்யும். நீரில் இறங்குமுன் பொட்டை எடுத்துவிட்டு, முடியை ஓரத்துக்கு வெளியே ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் தலைக்கு எண்ணெய். காலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் வார் வழுக்கும், நெற்றியில் வழிந்து கண்ணாடி மங்கும். முந்தின நாளே சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள்.

கண்ணாடியில் புகை படியாமல் இருக்கக் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு. உள்பக்கம் விரலால் தடவி, கடல் தண்ணீரில் ஒரே ஒரு முக்கு. பலமுறை அலசினால் பலன் போய்விடும். ஷாம்பு இல்லாவிட்டால் எச்சில். மூக்கால் மூச்சு விடுகிறவருக்கு எந்த மருந்தும் நிற்காது, ஒரு நிமிடத்தில் மறுபடி மங்கும். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதை உள்ளே வைத்து மாட்ட முடியாது, காம்பு ஓரத்தைத் தூக்கிவிடும். பவர் வைத்த முகமூடி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கிட்டப்பார்வைக்கு அரை எண் வித்தியாசத்தில் தயார் கண்ணாடிகள் வருகின்றன. முகம் முழுவதையும் மூடும் வகை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து: விட்ட மூச்சு உள்ளேயே தங்கி மயக்கம் தரலாம், தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றவும் வராது.

குழாய் விஷயத்தில்தான் கிணற்று நீச்சல்காரர் தோற்கிறார். சுரைப்புருடையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கற்ற நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே. முங்கினால் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். இங்கே இரண்டும் தலைகீழ். முகம் உள்ளே இருக்கும்போதே மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது நாம் ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர் காற்று. அதில் 150 மில்லி அளவு தொண்டையிலும் மூச்சுப் பாதையிலும் நின்றுவிடும். ஸ்நார்க்கல் குழாய் இன்னும் 100 முதல் 150 மில்லியைச் சேர்க்கிறது. ஆகவே பதற்றத்தில் குட்டிக்குட்டியாக மூச்சிழுத்தால், விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பீர்கள். நெஞ்சு அடைக்கும், பதற்றம் கூடும், இன்னும் குட்டியாக இழுப்பீர்கள். மருந்து ஒன்றுதான்: நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. குழாய் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். 38 சென்டிமீட்டரைத் தாண்டியதை மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வாயில் வைக்கும் ரப்பரின் விளிம்பு உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே போக வேண்டும். இரண்டு சிறு மேடுகளைப் பல்லால் லேசாகப் பிடித்தால் போதும். கரும்பைக் கடிப்பதுபோல் கடித்தால் பத்து நிமிடத்தில் தாடை வலிக்கும். தண்ணீர் புகுந்தால் 'ப்பூ' என்று ஒரே வேகத்தில் ஊதித் தள்ள வேண்டும். அடுத்த மூச்சை மெதுவாக, நாக்கை மேலே வைத்து இழுத்தால் மிச்சத் துளி தொண்டைக்குப் போகாது. முகமூடிக்குள் தண்ணீர் என்றால் நிமிர்ந்து, மேல் ஓரத்தை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதினால் கீழ் ஓரம் வழியாக வெளியேறும். மேல்முனையில் வால்வு வைத்த குழாய் தந்தால் இறங்குமுன் தலைகீழாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே மணல் சிக்கி வால்வு மூடியபடியே நின்றால் காற்றே வராது. கெட்டிக்கார நீச்சல்காரரும் அப்போது அலறுவார்.

இவ்வளவையும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பழக்கித்தான் படகில் ஏற்ற வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை முழுங்கிவிட்டு நேராக ஆமை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்தச் சேவையில் நாங்கள் காணும் பெரிய குறை. கூட்ட நாளில் இது நடக்கும். "முதலில் கரையில் பழக்குவீர்களா?" என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஊரிலிருந்தே பழக நினைப்பவர்கள் ஓசூர் அடுக்குமாடிகளில் இருக்கும் நீச்சல் குளம் போன்ற இடத்தில், இன்னொருவர் பக்கத்தில் இருக்க, குழாயோடு கால் மணி நேரம் குப்புற மிதந்து பார்க்கலாம். கிருஷ்ணகிரி அணை, தென்பெண்ணை, காவிரி எதிலும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே அடியில் என்ன இருக்கிறது, எங்கே இழுக்கும் என்பது மேலே இருந்து தெரியாது.

லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், நீச்சல் தெரிந்தாலும். பரிசலில் தருவதுபோன்ற தடித்த நுரை ஜாக்கெட் ஆளை நிமிர்த்தி நிறுத்தத்தான் பார்க்கும், குப்புறப் படுக்க விடாது. தளர்வாக இருந்தால் தாடைவரை ஏறிவிடும். ஊதி நிரப்பும் மெல்லிய வகையில், பாதி காற்றோடு போட்டால் உடம்பு படுக்கையாக நிற்கும். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் என்பதால் மிதப்பதே எளிது. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை முழங்காலிலிருந்து சைக்கிள் மிதிப்பதுபோல் அடிக்காமல், இடுப்பிலிருந்து நீட்டி மெல்ல அசைக்க வேண்டும். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் மல்லாந்து, ஃபின்னின் நுனியைப் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு நாலு பேர். நீச்சலே தெரியாதவர் என்றால் இரண்டு பேர். அதற்குமேல் போனால் அவர் பார்ப்பது ஆமையையா, ஆளையா? நீச்சல் தெரியாதவருக்கு மிதவை வளையம் ஒன்றைக் கையில் கொடுத்து இழுத்துச் செல்வார்கள். இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது, வயதான அம்மா அப்பாவும் இப்படிப் பார்க்கலாம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கழுத்துவரை தண்ணீரில் இருந்தாலே கை கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் திரண்டு இதயத்துக்கு வேலை கூடும். சைகையில் ஒரு குழப்பம் வரும்: நாம் "சூப்பர்" என்று கட்டைவிரலைத் தூக்குவோம், முக்குளிப்புக்காரர்களிடம் அதற்கு "மேலே போ" என்று பொருள். நலம் என்றால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவது.

ஆமையின் அருகில் வழிகாட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்குத்தான் நாங்கள் பாதி மதிப்பெண் கொடுப்போம். மேயும் ஆமை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வரும். தலையை நீட்டி, ஓரிரு நொடியில் மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்ப அதே புல்லுக்கு இறங்கும். அதன் நேர் மேலே ஆட்கள் மிதந்தால் மூச்சுக்கான வழி அடைபடுகிறது. பாதி தூரம் ஏறி, நம்மைக் கண்டு திரும்பும். தெரிந்த வழிகாட்டி பின்னாலிருந்தோ மேலிருந்தோ நெருங்கமாட்டார். பக்கவாட்டில், ஆமை பார்க்கும்படியாக, 3 மீட்டர் விட்டு நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வார். அந்த 3 மீட்டரை நம் கண் நம்பாது: தண்ணீருக்குள் எல்லாம் கால்பங்கு பக்கமாகவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். 3 மீட்டரில் இருப்பது இரண்டேகால் மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். எட்டித் தொட ஆசை வருவதும், கேமரா குச்சியை முகத்துக்கு முன்னால் நீட்டுவதும் இந்த மயக்கத்தில்தான்.

பொறுமையாக மிதந்தால் கிடைக்கும் காட்சி வேறு. ஆமை புல்லை அலகால் கவ்வி, தலையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டிப் பிய்க்கும். ஒவ்வொரு கடிக்கும் மணல் புகையாய் எழும்பும், அதில் கிளம்பும் பூச்சிகளுக்காகச் சின்ன மீன்கள் பின்னாலேயே வரும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தாலோ, முதுகைக் காட்டித் திரும்பினாலோ, முன்துடுப்பை வேகமாக அடித்தாலோ நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். கூட நீந்தித் துரத்தாதீர்கள், எப்படியும் பிடிக்க முடியாது. தொடவும் வேண்டாம்; பிடிப்பது 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். நம் கடலில் உள்ள ஐந்து வகை ஆமைகளும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "ஓட்டைப் பிடிங்க, போட்டோ எடுக்கலாம்" என்று ஒரு வழிகாட்டி சொன்னால் அங்கேயே படகுக்குத் திரும்பிவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு மூன்று இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரி கிழங்கு அலையில் மேலே வரும். படகு ஒத்துக்கொள்ளாதவர் மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, முக்கால் மணி முன்பே போட வேண்டும். தூக்கம் வரவழைக்காத வகையாக மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். சன்ஸ்கிரீனைவிட முழுக்கைச் சட்டையும் முழுநீளக் காற்சட்டையும் மேல், ஏனென்றால் பொசுங்குவது பிடரியும் முழங்கால் பின்பக்கமும்தான். தடவியே ஆக வேண்டுமானால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் இல்லாததாக எடுங்கள், பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்துவிட்டது. காட்டன் சேலை, லுங்கி, துப்பட்டா எதுவும் தண்ணீரில் வேண்டாம், காலைச் சுற்றும். களைத்தால் பவளத்தின்மேல் நிற்காதீர்கள்: அதுவும் சாகும், உங்கள் காலும் கிழியும், அந்தக் காயம் எளிதில் ஆறாது.

கட்டணம் பருவத்துக்கும் கூட்டத்துக்கும் தகுந்தபடி மாறும். தொகையைவிட அதில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள்: படகு, கருவி, வளையம், வீடியோ. வீடியோவைத் தனியாக விற்பவர்கள் உண்டு, அதை வாங்குவதில் தப்பில்லை. முதன்முறை இறங்குபவர் கையில் கேமரா இருந்தால் மூச்சையும் கவனிக்கமாட்டார், ஆமையையும் பார்க்கமாட்டார். ஸ்கூபாவுக்கு (காற்று உருளையோடு ஆழத்தில் முக்குளிப்பது) பிறகு விமானம் ஏற 12 முதல் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஸ்நார்க்கலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே இரண்டையும் செய்வதாக இருந்தால் ஸ்கூபாவை முதல் நாளிலும் ஆமையைத் திரும்பும் நாள் காலையிலும் வையுங்கள். இரவு தங்கல் ஒன்று மிச்சமாகும்.